அங்கமுத்துவுக்குப் பெய்த மழை

அங்கமுத்துவை மனதில் நினைத்து யார் உலை வைத்தாலும், உலை வைத்த இடத்தின் மேல் மட்டும் மழை பெய்தது. 2017ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் தொடங்கி ஆறு வருஷமும் சில வாரங்களும் இப்படி நடந்தது. குரும்பலூருக்கு மேற்கே, பச்சைமலையைப் பார்த்தாற்போல இருக்கும் ஆவாரங்காட்டில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த வாரம் சின்ன வெங்காயம் கிலோ தொண்ணூறுக்குப் போனது என்பதையும், மழை முதலில் விழுந்தது புவனேஸ்வரி வீட்டு ஓட்டுக்கூரையில் என்பதையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். வெங்காய விலையில் வேண்டுமானால் ஐந்து பத்து முன்பின் இருக்கலாம்.

அதற்கு முந்தின ஐப்பசி கார்த்திகையில் வானம் ஏமாற்றிவிட்டது. ஆயிரம் அடிக்குப் போட்ட போர்களில் தண்ணீருக்குப் பதில் புழுதி வந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்று காய்ந்தது. பஞ்சாயத்துக் குழாயில் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை, வீட்டுக்கு நாலு குடம் என்று தண்ணீர் விட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் இராமலிங்கத்துக்குச் சொந்தமாக ஆறு ஏக்கர் வெங்காயக் காடு இருந்தது. அவர்தான் கொடும்பாவி கட்டி இழுத்துவிடலாம் என்று சொன்னார். வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் செய்தவன் அவன்தான் என்று வைத்து, பாடையில் கிடத்தித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் கொள்ளி போட்டுவிட்டு வந்தால் அந்த அழுகையைப் பார்த்து வானமும் அழுதுவிடும் என்பது நம்பிக்கை. கொடும்பாவி என்பவன் யாருமில்லை. அவன் தப்பித்தவறி யாராகவும் ஆகிவிடக் கூடாது என்பதால், அவனுக்குப் போடும் துணியைத் துவைத்துக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆவாரங்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உடுத்தியவனின் வியர்வை துணியில் இருக்கக் கூடாது. மழைக்காக ஊர் செய்கிற அந்தக் காரியத்தில் தண்ணீர் செலவாகிற இடம் அது ஒன்றுதான்.

பழந்துணி கேட்டு வந்தவர்களுக்குப் புவனேஸ்வரி தன் புருஷனின் காக்கிச் சட்டையைக் கொடுத்தாள். அங்கமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் டிப்பர் லாரி ஓட்டினான். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் போவான். அந்தத் திங்கட்கிழமை, அக்குளில் கிழிந்த இந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'இது இனிமே ஆகாது' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கழுத்துப்பட்டையில் வெள்ளைப் புழுதி, முதுகில் உப்புப் பூத்த வியர்வைக் கோடு. துவைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். அன்று தண்ணீர் விட்டு ஏழாவது நாள். வீட்டில் மிச்சம் ஒரு குடம் இருந்தது, ஆறு வயது மகள் தமிழ்மொழி குடிப்பதற்கு. ஒரு சட்டைக்காக யாராவது குடிதண்ணீரைக் கொட்டுவார்களா? அவள் வெயிலில் ரெண்டு உதறு உதறிவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பாடை கிளம்பியது. ஒப்பாரிக்கு முன்னே நின்று அடியெடுத்துக் கொடுத்தவள் பாக்யலட்சுமி. சுற்று வட்டாரத்தில் எந்த இழவு வீட்டிலும் அவள் குரல் இல்லாமல் பிணம் எடுக்க மாட்டார்கள். அவளுக்குப் பின்னால் நாற்பது பெண்கள். பாதிப் பேர் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டேதான் மாரடித்தார்கள். வைக்கோலுக்கு அழுவதென்றால் சிரிப்பு வரத்தானே செய்யும். புவனேஸ்வரியும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். மேலத்தெரு திருப்பத்தில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தபோது, வைக்கோல் பிணத்தின் மேல் தன் புருஷனின் சட்டையை அவள் நேருக்கு நேர் பார்த்தாள். அதன் கை பாடைக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி வந்த சத்தத்தை அவளால் நிறுத்த முடியவில்லை. சுடுகாடு போய்ச் சேருகிற வரை அழுதாள், சட்டை எரிந்து முடிகிற வரை அழுதாள். நன்றாக அழுகிறாளே என்று தலைவர் மெச்சினார்.

மறுநாள் சனிக்கிழமை அங்கமுத்து வந்தான். அவள் அவனைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடியே அரிசி களைந்து உலையில் போட்டாள். கொதி வந்ததும் ஓட்டின் மேல் சடசடவென்று மழை இறங்கியது. தெருவே ஓடி வந்து வேடிக்கை பார்த்தது. கைதட்டினார்கள், குழந்தைகள் அந்த முற்றத்துக்குள் புகுந்து ஆடின. பக்கத்து வீட்டுக் கூரைக்கும் மழை வந்துவிடும் என்று வாளி, அண்டா, குண்டான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். வரவில்லை. வேலி வரைக்கும் வந்து, கத்தியால் அறுத்தாற்போல நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி புழுதியில் குளித்துக்கொண்டிருந்தது.

லாரி பட்டறையில் கிடந்ததால் அங்கமுத்து பதினொரு நாள் வீட்டில் இருந்தான். பதினொரு நாளும் மழை. அது வெதுவெதுப்பாக இருந்தது. கூரை ஓரத்தில் செருகியிருந்த தகரத்தின் மேல் அது விழும்போது, தூரத்தில் பெண்கள் மாரடிக்கிற சத்தம் கேட்டது. மண்சுவர் ஊறிக் கீழே பாசி படர்ந்தது. பன்னிரண்டாம் நாள் தமிழ்மொழிக்கு மூச்சு இழுத்தது. குழந்தைக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. இந்தத் தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப்புகை கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஈரமான வீட்டில் பிள்ளையை வைத்திருந்தால் அடுத்த தடவை தூக்கி வர நேரம் இருக்காது என்று நர்ஸ் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த ஆறு வருஷம் அந்தக் குடும்பத்தை நடத்தியது.

மழையின் சட்டதிட்டங்களைப் புவனேஸ்வரியே மூன்று வாரத்தில் கண்டுபிடித்தாள். அவனை நினைத்து வைத்த உலை கொதிக்கும்போது மழை தொடங்கும். அந்தப் பானையைக் கழுவிக் கவிழ்த்ததும் நிற்கும். சோறு மட்டுமில்லை, களி கிண்டினாலும் கோதுமை உப்புமா கிளறினாலும் பெய்தது. ஹோட்டல் சோற்றுக்குப் பெய்யாது. அது ஊருக்கெல்லாம் பொதுவாகக் கொதிப்பது. தனியாக யாரையும் நினைத்துக் கொதிப்பதில்லை. அப்படியானால் அவன் ஹோட்டலில் தின்றுவிட்டு வீட்டில் கிடக்கலாமே என்று ஊரில் கேட்டார்கள். அதையும் பார்த்தாயிற்று. அவன் வீட்டுக்குள் இருந்தால், பிள்ளைக்கு மட்டும் என்று அவள் வைத்த உலையிலும் அவன் நினைப்பு விழுந்துவிட்டது. எனவே அங்கமுத்து வீட்டைவிட்டுக் கிளம்பினான். புவனேஸ்வரி அடுப்புக்கு முன்னால் நின்று புருஷனை நினைக்காமல் இருக்கப் பழகினாள். அரிசி போடும்போது பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்வாள். பதினாறு ஏழு வரைக்கும் போனால் கொதி வந்துவிடும். சில நாள் பதினாறு நாலில் மறந்துபோய் அவன் ஞாபகம் வரும். ஓட்டின் மேல் நாலு தூறல் விழும். தமிழ்மொழி அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள், அம்மா மறுபடியும் பதினாறு ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

இப்படி ஒரு மழை கையில் இருக்க, ஊர் சும்மா இருக்குமா? தலைவர் இராமலிங்கம் பழைய கிணற்று முறையை எடுத்தார். ஒரே கிணற்றை ஐந்து பங்காளிகள் நாள் பிரித்து இறைத்துக்கொள்வது போல, அங்கமுத்துவைக் காடு காடாக முறை வைத்தார்கள். இன்றைக்குக் கீழக்காடு, நாளைக்கு ஓடைக்காடு. முறைக்காரர் தன் காட்டில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி அவனுக்குச் சோறு பொங்க வேண்டும். ஆளை எதிரே உட்கார வைத்தால்தான் மற்றவர்களுக்கு நினைப்பு நிற்கும் என்பதால் அவனும் அங்கேயே வரப்பில் உட்கார வேண்டும், ராத்திரி அந்தக் காட்டுக் கொட்டகையில்தான் படுக்கை. மைன்ஸ் வேலையை விடச் சொல்லிவிட்டு, அவன் வீட்டுக்கு வேண்டிய அரிசி பருப்பை ஊரே கொடுத்தது. மழை ஆளைப் பார்த்துப் பெய்தது. கடனே என்று பொங்கியவர் காட்டில் பிசுபிசுத்துவிட்டுப் போனது. ஆவாரங்காட்டுக்காரர்கள் சீக்கிரமே பாடம் படித்துக்கொண்டார்கள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்தார்கள். நெத்திலிக் கருவாடு என்று தெரிந்ததும் பெரம்பலூர் சந்தையில் நெத்திலி கிடைக்காமல் போனது. அவன் காலில் முள் குத்தினால் நாலு வீட்டுப் பெண்கள் ஊசி எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாசம் வைத்த பிறகு பானையைக் கழுவாமல் மூன்று நாள் போட்டு வைத்தவர்களும் உண்டு. ஊரடங்கு வந்தபோது எல்லாம் நின்றது, இந்த முறை மட்டும் நிற்கவில்லை. விவசாய வேலை என்று சொன்னதும் போலீஸ்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

தாலுகா ஆபீஸில் மழைமானி பார்க்கிற அரவிந்தன் இதைக் கேள்விப்பட்டு வண்டியில் வந்தான். தினமும் காலை எட்டரைக்கு அளவெடுத்து மேலே அனுப்புவது அவன் வேலை. ஒரு பழைய மழைமானியைக் கொண்டுவந்து ஓடைக்காட்டு வரப்பில் வைத்தான். நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்தான். இல்லை. படிவத்தில் ஒரு அடுப்புக்கென்று தனிக்கட்டம் இல்லாததால், பெரம்பலூர் வட்டம் மழை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, நாற்பத்து மூன்றைத் தன் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டான். அந்த நோட்டு இப்போதும் அவனிடம் இருக்கிறது. கேட்டால் காட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குரும்பலூர் பஸ் ஸ்டாண்டில் அங்கமுத்துவும் புவனேஸ்வரியும் பிள்ளையும் சந்தித்துக்கொண்டார்கள். டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்து பன் தின்பார்கள். ஊர்ப்பாசத்தில் அவன் நன்றாகப் பெருத்திருந்தான். கன்னம் உப்பி, கண் மட்டும் உள்ளே போயிருந்தது.

"அந்தச் சனத்துக்கெல்லாம் என்மேல எம்புட்டுப் பாசம் தெரியுமா. ஆனா ஒருத்தர் சோறும் எறங்க மாட்டேங்குது புவனா."

"உப்பு கூடப் போடுறாங்களோ என்னமோ" என்பாள் அவள். வேறு என்ன சொல்வது?

2021ஆம் வருஷம் ஐப்பசியில் வானம் உண்மையாகவே திறந்துகொண்டது. ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கலிங்கு வழிந்தது. வயலில் நின்ற வெங்காயம் அழுகியது, காட்டோரத்தில் பட்டறை போட்டுச் சேமித்து வைத்த வெங்காயமும் அழுகியது. பெய்தும் கெடுக்கும், பெய்யாமலும் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த ஈரத்தில் அங்கமுத்து ஒரு காட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தபோது, முறைக்காரர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், தயவுசெய்து எழுந்து போய்விடும்படி. அடுத்த காட்டில் கும்பிடு இல்லை. நெத்திலி வாங்கிப் பொங்கிப்போட்ட பெண்களே அவன் தெருவில் வந்தால் அடுப்பை அணைத்தார்கள். ஆற்றைக் கடக்கிற வரைதான் அண்ணன் தம்பி. அவனைத் தப்பித்தவறிகூட நினைத்துவிடக் கூடாது என்று ஊர் முழுக்க உலை வைக்கும்போது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாதம் உண்டு. அங்கமுத்து மஞ்சள் பையில் ரெண்டு சட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அவன் போன இடமெல்லாம் மழை அந்தந்த ஊர் மாதிரிப் பெய்தது. மைன்ஸ் டிரைவர் ஷெட்டில் கூட இருந்தவன் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்தான். சுண்ணாம்புப் புழுதியைக் கரைத்துக்கொண்டு பால் போல வெள்ளையாகப் பெய்து, காய்ந்தபோது ஷெட்டின் மேல் ஓர் அங்குலத்துக்குச் சுண்ணாம்பு இறுகிப்போனது. அங்கே இருக்க முடியவில்லை. பாடாலூரில் ஹைவே ஓரத்து ஹோட்டலில் எட்டு மாதம் பாத்திரம் கழுவினான். பொதுச்சோறு, மழையே இல்லை. இப்படியே காலம் தள்ளிவிடலாம் என்றிருந்தான். ஒருநாள் மாஸ்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, 'இவனுக்கு இன்னைக்கு ரெண்டு கைப்பிடி சேத்துப் போடுவோம்' என்று நினைத்துவிட்டார். டீசல் வாடையோடு ஒரு மழை அந்த ஹோட்டல் மேல் மட்டும் இறங்கி, பஸ் பயணிகள் இலையோடு எழுந்து ஓடினார்கள். கீழப்பழுவூரில் ஒரு நெல் களத்தில் காவலுக்கு நின்றான். அங்கே கண்ணுக்குத் தெரியாத பொடித்தூறல், பூஞ்சை பிடித்தாற்போல நாள் முழுக்க, நெல் முளைத்துவிட்டது. பாவம், எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் அவன்மேல் இரக்கப்பட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஏலாக்குறிச்சியில், பழைய லாரிக் கூட்டாளி அடைக்கலசாமியின் வீட்டில் ஒதுங்கினான். கொள்ளிடக்கரை ஊர், கான்கிரீட் வீடு, பிள்ளைகள் வெளியூரில். அடைக்கலசாமியின் மனைவி லீலா மேரி, "மழதானே, பெஞ்சுட்டுப் போவுது. நீங்க உக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். கரைக்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை. பல மாதம் அவள் அவனுக்குச் சோறு போட்டாள். மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் போட்டிருந்தார்கள். ஒருநாள் மதியம் அந்தத் தகரத்துக்கடியில் நின்று அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

"என்னண்ணே இது, பொம்பளைங்க அழுவுற மாதிரி இருக்கு. யாருக்கு ஒப்பாரி?"

"எனக்குத்தாங்க" என்றான் அங்கமுத்து.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு லீலா மேரி மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டாள். பிறகு, "எங்கள்ல ஒருத்தர அடக்கம் பண்ணுனா முப்பதாம் நாள் பூசை வைப்போம். அதோட சரி, மனச தேத்திக்கிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவோம். ஒங்கள எரிச்சாங்களே, அதுக்கப்பறம் என்ன பண்ணாங்க?" என்றாள். அவன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பண்ணவில்லை. கொள்ளி வைத்ததோடு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதை அவன் அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் புவனேஸ்வரியிடம் சொன்னான். அந்த வாரமே, 2023 ஆடி மாதம், அவள் கூலி வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் தமிழ்மொழி முதன்முதலாகத் தனியாக உலை வைத்தாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது, அம்மா வருவதற்குள் சமைத்து வைப்போம் என்று நினைத்தாள். அரிசியைப் போடும்போது, அப்பா இருந்தால் ஒரு ஆழாக்கு கூடப் போட வேண்டும் என்று தோன்றியது. ஆறு வருஷமாக வீட்டில் யாரும் நினைக்காமல் விட்டதையெல்லாம் அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் நினைத்துவிட்டது. அன்றைய மழையை அரவிந்தன் மறுநாள் போய்ச் சுவர்க்கறையை வைத்துத்தான் கணக்கிட்டான். இருநூறுக்குக் குறையாது என்றான். வடக்குச்சுவர் விழுந்தது. அடுப்படியில் இடுப்பளவு சேற்றில் மூச்சில்லாமல் கிடந்த பிள்ளையைப் புவனேஸ்வரி தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். 'இனிமே ஒரு தடவ வந்தா சொல்றதுக்கில்ல' என்று டாக்டர் சொன்னார்.

ஐந்தாம் நாள் அவள் நேராகப் பாக்யலட்சுமி வீட்டுக்குப் போனாள். பாக்யலட்சுமிக்குத் தொண்டை கட்டி ரெண்டு வருஷமாகப் பாட்டில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்த மழ சத்தத்த நானும் கேட்டுருக்கேன் புள்ள. நாப்பது கொரல்ல முப்பத்தொம்போது சும்மா. நாங்க மழைக்கு அழுதோம். நீ ஒருத்திதான் அவனுக்கு அழுத. மேல இருக்கறது அத நெசம்னு எடுத்துக்கிச்சு."

"இப்ப என்னக்கா பண்றது?"

"செத்தவனுக்கு என்ன பண்ணுவமோ அதத்தான். கருமாதி பண்ணி முடி. அழுத வாய்தான் போதும்னு சொல்லணும். ஆனா ஒண்ணு, முழுசாப் பண்ணணும். தாலியும் எறங்கணும்."

அந்த வருஷம் மழை மறுபடியும் பொய்க்கும் போலிருந்தது. தலைவர் இராமலிங்கம் ஏலாக்குறிச்சிக்குக் கார் அனுப்பி அங்கமுத்துவைத் திருப்பிக் கூட்டிவரும் ஏற்பாட்டில் இருந்தார். வரவேற்க நெத்திலிகூட வாங்கியாயிற்று. கருமாதி என்று கேள்விப்பட்டதும் கோபமாக வந்து இடிந்த சுவருக்கு வெளியே நின்றார். உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் செய்தால் அவன் போய்விடுவான், அந்தப் பாவம் ஊரைச் சேரும் என்றார். ஊருக்காக ஒரு பிள்ளை நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

புவனேஸ்வரி கையிலிருந்த சேற்றுக்கூடையைக் கீழே வைத்தாள். "மழ வேணும்னா திரும்பக் கொடும்பாவி கட்டுங்க தலைவரே. இந்தத் தடவ ஒங்க சட்டையக் குடுங்க. தொவைக்காமக் குடுங்க." தலைவர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

ஆனால் தலைவர் சொன்னது பொய்யென்று அவளுக்கும் நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் அங்கமுத்துவே அதைக் கேட்டான். தமிழ்மொழி நாலடி தள்ளி நின்று யாரோ பஸ்ஸுக்குக் கொண்டுவந்திருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரியம் முடிஞ்சதும் நான் இல்லாமப் போயிட்டா என்ன பண்ணுவ?"

"அழ மாட்டேன். அழுது பாத்தாச்சு."

"சரி."

"ஒங்களுக்குப் பயமா இருந்தா வேணாங்க."

அவன் பன்னைப் பிய்த்துப் பாதியை அவள் கையில் வைத்தான். "ஆறு வருசமா யார் யாரோ எனக்குச் சோறு போட்டாங்க. ஒன் கையால ஒரு வேள சாப்டுட்டுப் போனாலும் போதும் எனக்கு" என்றான்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஓடைக்கரையில் கருமாதி நடந்தது. நாற்பது பெண்களில் முப்பத்தொரு பேர் உயிரோடு இருந்தார்கள். அத்தனை பேரும் வந்தார்கள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கோடிப் புடவை போட வேண்டிய புவனேஸ்வரியின் அண்ணன் அறிவரசன், செத்தவன் பெண்டாட்டிக்கே வெள்ளை கட்டக் கூடாது என்கிற கட்சி. அவன் மயில் நீலத்தில் ஒரு புடவை எடுத்து வந்து தங்கையின் தோளில் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான். புவனேஸ்வரி தாலியைத் தானே கழற்றினாள். அதை யார் கையில் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த அங்கமுத்துவிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

பிறகு அவள் மூன்று கல் கூட்டி உலை வைத்தாள். படையலுக்கான சோறு. ஆறு வருஷம் நாக்கில் ஒட்டிக்கிடந்த வாய்ப்பாட்டை அன்று விட்டுவிட்டாள். கொதி வருவதற்கு முன்பே வானம் இறங்கிவிட்டது. அடுப்பு அணையாமல் நாலு பேர் தார்ப்பாய் பிடித்தார்கள். தகரம் எதுவும் இல்லாத வெட்டவெளியிலும் அந்த ஒப்பாரி எல்லோருக்கும் கேட்டது. முப்பத்தொரு பெண்களும் தலைக்கு மேலே தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொண்டு வாயைப் பொத்தி நின்றார்கள். செத்துப்போன ஒன்பது பேரின் குரலும் அதில் இருந்தது. அது யார் யார் குரல் என்று அவரவர் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு மருண்ட மாட்டின் கத்தல் போல, புவனேஸ்வரியின் குரல்.

சோறு, கருவாட்டுக் குழம்பு, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கூட்டு. வாழையிலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார்கள். கொட்டுகிற மழையில் எந்தக் காக்கை வரும்? கால் மணி நேரம் கா கா என்று கத்திப் பார்த்தார்கள். படையலைக் காக்கை தொடாவிட்டால் காரியம் முடிந்ததாகாது. பாக்யலட்சுமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது அங்கமுத்து புங்கமரத்தடியிலிருந்து எழுந்தான். யாரையும் கேட்கவில்லை. நடந்து வந்து தன் படையலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மழைத்தண்ணீரை இலையிலிருந்து ஒருபக்கமாக வழித்து விட்டு, குழம்பைப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

"உப்பு சரியா இருக்கு" என்றான்.

விழுங்கியதும் மழை நின்றது. சுருதி இறங்கி அடங்காமல், பானையைக் கவிழ்த்தாற்போல நின்றது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் இலையைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். புவனேஸ்வரி போட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டான். இவன் சாகிற ஆள் இல்லை என்று அப்போதுதான் ஊர் மூச்சு விட்டது.

எழுந்து கைகழுவியபோதுதான் ஒன்றைக் கவனித்தார்கள். அவ்வளவு மழையிலும் அவன் சட்டை காய்ந்திருந்தது. ஓடைக்கரையில் காற்று வீசிப் பெண்களின் முந்தானை எல்லாம் படபடத்தது. அவன் வேட்டி அசையவில்லை. அதன்பிறகு அங்கமுத்துவின் மேல் மழை விழவில்லை, வெயில் சுடவில்லை, மார்கழிப் பனி உறைக்கவில்லை. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் தார்ரோட்டில் நடந்து போவான். விசிறியைச் சுழல விட்டால் அவனைச் சுற்றிக்கொண்டு காற்று அந்தப் பக்கம் போகும். அரவிந்தன் வந்து அடைமழையில் அவன் பக்கத்தில் மழைமானியை வைத்து அளந்தான். இல்லை. ரெண்டு கை நீளத்துக்கு அந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு. இதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது.

இப்போது அவர்கள் மூவரும் ஆவாரங்காட்டில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வடக்குச்சுவரைச் செங்கல்லில் எழுப்பிவிட்டார்கள். அவன் திரும்பவும் டிப்பர் ஓட்டுகிறான், சனிக்கிழமை வருகிறான். அவள் அவனை நினைத்துத்தான் உலை வைக்கிறாள். ஓட்டின் மேல் ஒன்றும் விழுவதில்லை. ஐப்பசி வந்தால், வாரக்கடைசி மழையில் தமிழ்மொழி குடை எடுக்காமல் அப்பாவின் பக்கத்தில் ஒட்டி நடந்து டியூஷனுக்குப் போய் நனையாமல் வருகிறாள். இரண்டு வருஷமாக அவளுக்கு மூச்சு இழுக்கவில்லை. தலைவர்கூட ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மழை பிடித்துக்கொண்டபோது அங்கமுத்துவின் அருகில் கூச்சத்தோடு வந்து நின்றார். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். தாலி இன்னும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறான்.

வெயில் படாத உடம்பில் வியர்வை கிடையாது. சனிக்கிழமை அவன் கழற்றிப் போடுகிற காக்கிச் சட்டையில் கழுத்துப்பட்டையில் வெள்ளைப் புழுதி இல்லை. முதுகில் உப்புக்கோடு இல்லை. முதல் சில வாரம் புவனேஸ்வரி அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். கடையில் பிரித்த புதுத்துணி போல, எந்த மனிதனின் வாடையும் இல்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சட்டையை அன்றைக்கே வாளியில் முக்கி, சோப்புப் போட்டு, கல்லில் நாலு அடி அடித்து, மூன்று தண்ணீர் மாற்றி அலசிக் கொடியில் போடுகிறாள். மற்ற துணியெல்லாம் காற்றில் ஆடும். அது மட்டும் தொங்கியபடி நிற்கும். அழுக்கே இல்லாத சட்டையை எதற்கு இந்தப் பாடு படுத்துகிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

"தண்ணி இருக்கறப்பவே தொவைச்சிரணும்க்கா" என்றாள் புவனேஸ்வரி.